எந்த ராமசாமி, எந்த ராஜகோபாலாச்சாரி? சேலம் வரலாறு எழுத வருவோர்க்கு ஒரு பெயர்ப் பிரிப்பு வழிகாட்டி

சேலம் அரசு மருத்துவக் கல்லூரியின் பெயர்ப் பலகையில் மோகன் குமாரமங்கலம் என்று இருக்கிறது. அவர் என்ன பதவியில் இருந்தவர்? மத்தியில் மின்துறை அமைச்சர் என்பார் ஒருவர், ராணுவத் தலைமைத் தளபதி என்பார் இன்னொருவர், சேலம் எம்.பி. என்பார் மூன்றாமவர். மூன்று பதிலும் அந்தக் குடும்பத்துக்குப் பொருந்தும், அந்த மனிதருக்கு ஒன்றும் பொருந்தாது. தளபதியாக இருந்தவர் அண்ணன் ஜெனரல் பி.பி. குமாரமங்கலம் (1966 முதல் 1969 வரை). மின்துறையும் சேலம் தொகுதியும் மகன் ரங்கராஜன் குமாரமங்கலத்துக்கு உரியவை. மோகன் 1971இல் புதுச்சேரியிலிருந்து மக்களவைக்குப் போனார், உருக்கு, சுரங்கத் துறை அமைச்சராக இருந்தார், 1973 மே 31 அன்று விமான விபத்தில் இறந்தார்.

ஊர் வரலாறு, பள்ளி ஆண்டு மலர், கோயில் தல வரலாறு, தெருப் பெயர்க் குறிப்பு என்று எதை எழுத உட்கார்ந்தாலும் இந்தச் சிக்கல் முதல் பக்கத்திலேயே வந்து நிற்கும். பெயரை வைத்து ஆளைப் பிடித்தால் தப்பு ஆள்தான் கிடைப்பார். வகித்த பதவி, அந்தப் பதவியின் எல்லை, வகித்த காலம் ஆகிய மூன்றும் ஒத்துப் போனால்தான் ஆள் உறுதி. இரண்டு பொருந்தி ஒன்று இடறினாலும் வேறு ஆளாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு தேட வேண்டும்.

தேவையான பொருட்கள்

5க்கு 3 அங்குல அட்டைகள் ஒரு கட்டு, பென்சில், ஒரு மில்லிமீட்டர் கட்டம் போட்ட கிராஃப் தாள், ஓர் அடிக்கோல். கணினியில் அட்டவணை போடத் தெரிந்தவர்களும் முதல் இருபது பெயர்களையாவது அட்டையில் எழுதிப் பழகுவது நல்லது. அட்டைகளை மேசையில் பரப்பி இடம் மாற்றி வைக்கும்போது கண்ணுக்குப் படும் மோதல், திரையில் வரிசையாக ஓடும்போது படுவதில்லை. பேனா வேண்டாம். முதல் வாரம் எழுதியதில் பாதியை அடித்துத் திருத்த வேண்டியிருக்கும்.

படி 1: கண்டதைக் கண்டபடி எழுதுங்கள்

பழைய தாளிலோ கல்வெட்டிலோ பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே அட்டையின் முதல் வரியில் எழுதுங்கள். ‘ஸ்ரீமான் எஸ். ராமஸ்வாமி முதலியாரவர்கள்’ என்று இருந்தால் அதுவே வரி. ‘ராமசாமி’ என்று இன்றைய வழக்குக்கு மாற்றாதீர்கள், பட்டத்தை வெட்டாதீர்கள், தெரிந்த ஆள்தானே என்று முதலெழுத்தை விரிக்காதீர்கள். அடுத்த வரியில் அது எந்த நாளில் எழுதப்பட்டது, எந்த ஊரில் அச்சானது என்பதைக் குறியுங்கள். நிகழ்ச்சி நடந்த நாளும் எழுதப்பட்ட நாளும் வெவ்வேறு. 1960இல் எழுதிய நினைவுக் கட்டுரை 1917ஐப் பற்றிப் பேசும்போது, அந்த மனிதர் பிறகு வாங்கிய பட்டத்தையும் பதவியையும் முன்தேதியிட்டு ஒட்டிவிடும். புதியவர்கள் வழுக்கி விழுகிற முதல் இடம் இதுதான்.

ஆண்டு தமிழில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் பிரபவ என்பது 1867, 1927, 1987 மூன்றுக்கும் பொருந்தும். சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். வருவாய்த் துறைக் காகிதங்களில் பசலி வரும், அது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு. பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு. பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. 590க்குப் பதில் 591 கூட்டிவிட்டு, அந்த ஆண்டு வேறொருவர் கலெக்டராயிற்றே என்று திகைப்பவர்கள் பலர். ஜூன் 30க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

படி 2: முதலெழுத்தைத் திறங்கள்

தமிழர் பெயரின் முன்னெழுத்தில் தகப்பன் பெயர் இருக்கலாம், ஊர் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். ஆங்கிலத்தில் ஒரே எழுத்தாகப் போவது தமிழில் இரண்டாகப் பிரியும்.

இதற்குச் சேலத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை மாகாணப் பொதுவாழ்வில் எஸ். ராமசாமி முதலியார் இருவர். ஒருவர் சேலம் ராமசாமி முதலியார், வழக்கறிஞர். 1885இல் இந்தியாவின் குறைகளை இங்கிலாந்து வாக்காளர்களிடம் எடுத்துச் சொல்ல மூவர் அனுப்பப்பட்டார்கள். வங்காளத்திலிருந்து மன்மோகன் கோஷ், பம்பாயிலிருந்து என்.ஜி. சந்தாவர்க்கர், சென்னையிலிருந்து இவர். 1892இல், நாற்பது வயதுக்குள், இறந்துபோனார். மற்றவர் சவளை ராமசாமி முதலியார், வணிகர், துபாஷி (வெள்ளைக்கார வணிகர்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும்), சென்னையின் ஷெரீப்பாக (நகரின் கௌரவப் பதவி) இருந்தவர், ‘ராஜா’, ‘சர்’ பட்டங்கள் பெற்றவர், 1911இல் இறந்தவர். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சத்திரமும், வடசென்னையில் ஆர்.எஸ்.ஆர்.எம். என்று மக்கள் சொல்லும் பிரசவ மருத்துவமனையும் இவர் பெயரைத் தாங்கியவை.

தமிழில் எழுதினால் ஒருவர் ‘சே.’, மற்றவர் ‘ச.’ என்று தனித்தனியே நிற்பார்கள். ஆங்கிலத்தில் இரண்டும் ‘எஸ்.’. அந்த ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் எழுதுகிறவர் ‘எஸ்.’ என்றே வைக்கும்போது, இருந்த ஒரே அடையாளமும் அழிந்துவிடுகிறது. அதனால் ‘எஸ். ராமசாமி முதலியார்’ என்று கண்டால் முதலில் ஆண்டைப் பாருங்கள். 1892க்குப் பிந்திய நிகழ்ச்சி என்றால் சேலத்தார் இல்லை. அதற்கு முந்தியது என்றால் தொழிலைப் பாருங்கள். நீதிமன்றம், காங்கிரஸ், லண்டன் பயணம் என்று வந்தால் சேலம். வணிகம், தர்மசாலை, ஷெரீப் என்று வந்தால் சவளை. ‘சர்’, ‘ராஜா’ முன்னால் இருந்தால் சவளை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது ராமசாமி முதலியாரும் இருக்கிறார், ஏ. ராமசாமி முதலியார். ‘ஏ’ என்பது ஆற்காடு. இவரும் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் இரட்டையர். 1887 அக்டோபர் 14 இருவருக்கும் பிறந்த நாள், முதலெழுத்தும் பட்டமும் இருவருக்கும் ஒன்றே. பிறந்த தேதியை வைத்து ஆளைப் பிரிக்கும் வழக்கமான உத்தி இங்கே கை கொடுக்காது, பதவிதான் பிரிக்கும். ராமசாமி 1946 முதல் 1949 வரை மைசூர் திவான், ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவர். லட்சுமணசாமி மருத்துவர், 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். ‘டாக்டர் முதலியார்’ என்று செய்தி இருந்தால் பெரும்பாலும் லட்சுமணசாமியைத்தான் தேட வேண்டும்.

படி 3: பட்டம் வேறு, பதவி வேறு

திவான் என்பது பதவி. சமஸ்தானத்தின் நிர்வாகத் தலைவர். திவான் பகதூர் என்பது பிரிட்டிஷ் அரசு கொடுத்த பட்டம், அதைப் பெற ஒரு சமஸ்தானத்திலும் வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை. ராவ் பகதூர், ராவ் சாகிப், கான் பகதூர் எல்லாம் இந்த வகை. அட்டையில் பட்டத்துக்கு ஒரு கட்டம், பதவிக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியே ஒதுக்குங்கள். ‘திவான் பகதூர்’ என்பதைச் சுருக்கித் ‘திவான்’ என்று எழுதிவிட்டால், எங்கேயும் திவானாக இல்லாத ஒரு வக்கீலை ஒரு சமஸ்தானத்துக்கே அதிபதியாக்கிவிடுவோம்.

இரண்டும் ஒரே ஆளிடம் சேரும்போதுதான் தலை சுற்றும். சேலத்துக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இணை இது. சி. விஜயராகவாச்சாரியார் (1852–1944) சேலத்தின் வழக்கறிஞர். 1882 சேலம் கலவர வழக்கில் சிக்கி, உயர்நீதிமன்றத்தில் விடுதலையானவர். 1895 முதல் 1901 வரை சென்னைச் சட்ட மேலவையிலும், 1913 முதல் 1916 வரை இந்திய சட்ட மேலவையிலும் உறுப்பினர். 1920 டிசம்பரில் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். அதே 1920இல் கொச்சி சமஸ்தானத்தில் திவானாக இருந்தவர் பெயரும் விஜயராகவாச்சாரியா. அவர் திவான் பகதூர் சர் டி. விஜயராகவாச்சாரியா, 1919 முதல் 1922 வரை கொச்சித் திவான், பின்னாளில் உதயப்பூரின் நிர்வாகத் தலைவர். ஒரே ஆண்டு, ஏறத்தாழ ஒரே பெயர். ஒருவர் அரசாங்கத்தை எதிர்த்த மாநாட்டின் மேடையில், மற்றவர் அரசாங்கம் ‘சர்’ பட்டம் கொடுத்துச் சிறப்பித்த நிர்வாகி. ‘சி’, ‘டி’ என்ற ஓரெழுத்தில்தான் வித்தியாசம் தொங்குகிறது. முதலெழுத்தை அச்சுப்பிழை விழுங்கினால் ஊரைப் பாருங்கள். சேலம், நாகபுரி என்றால் முன்னவர். எர்ணாகுளம், உதயப்பூர் என்றால் பின்னவர்.

படி 4: பதவியின் எல்லையை எழுதுங்கள்

‘தலைவர்’ என்று மட்டும் எழுதினால் எதற்கும் உதவாது. எதன் தலைவர்? சி. ராஜகோபாலாச்சாரி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். கிட்டத்தட்ட அதே காலத்தில் ஈ.வெ. ராமசாமி ஈரோடு நகராட்சித் தலைவர். அந்தக் காலத் தாள்கள் இருவரையும் ‘சேர்மன்’ என்றே குறிக்கும். மேயர் என்ற சொல் சேலத்துக்கு 1994இல் மாநகராட்சி ஆன பிறகுதான் வந்தது. 1866இல் தொடங்கிய நகராட்சிக் காலம் முழுவதற்கும் அந்தச் சொல்லைப் போடக் கூடாது. ராஜாஜியைச் ‘சேலம் மேயர்’ என்று எழுதுவது பிழை.

மாவட்டத்தின் எல்லையும் நகர்ந்துகொண்டே இருந்தது. 1965இல் தர்மபுரியும் 1997இல் நாமக்கல்லும் சேலத்திலிருந்து பிரிந்தன. 2004இல் கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து பிரிந்தது. பழைய ஆவணம் சொல்லும் ‘சேலம் ஜில்லா’ இன்றைய நான்கு மாவட்டப் பரப்பைத் தொடும். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி அன்று சேலம் ஜில்லா, இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். பி. சுப்பராயனின் குமாரமங்கலம் இன்று நாமக்கல் மாவட்டம். இரண்டு நூல்கள் இரண்டு மாவட்டத்தைச் சொன்னால் இரண்டு ஆட்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அட்டையில் ‘அன்று சேலம், இன்று நாமக்கல்’ என்று இரண்டையும் எழுதுங்கள்.

பதவிப் பெயரும் காலத்துக்கேற்ப மாறியது. 1920இல் தொடங்கிய இரட்டையாட்சியில் (சில துறைகள் மட்டும் இந்திய அமைச்சர்களிடம் இருந்த ஆட்சிமுறை) சென்னை மாகாண அமைச்சர்களின் தலைவர் ‘முதல் மந்திரி’. 1937 தேர்தலுக்குப் பின் ‘பிரதம மந்திரி’, ‘பிரதமர்’ என்றே பத்திரிகைகள் எழுதின. குடியரசான பிறகே இன்று நாம் சொல்லும் முதலமைச்சர். ஆகவே 1938ஆம் ஆண்டுத் தாளில் ‘பிரதமர் ஆச்சாரியார்’ என்று பார்த்தால் மிரள வேண்டாம், அது மாகாணப் பிரதமர்.

இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. இரட்டையாட்சிக் காலத்தில் சென்னையின் முதல் மந்திரியாக ஒரு சுப்பராயலுவும் ஒரு சுப்பராயனும் இருந்தார்கள். கடலூர் ஏ. சுப்பராயலு ரெட்டியார் நீதிக்கட்சிக்காரர், 1920 டிசம்பர் முதல் 1921 ஜூலை வரை. குமாரமங்கலம் ஜமீன்தார் பி. சுப்பராயன் கட்சி சாராதவராக, 1926 டிசம்பர் முதல் 1930 அக்டோபர் வரை. நடுவில் பனகல் அரசர் இருந்தார். ‘முதல் முதல்வர் சுப்பராயன்’ என்று சேலம் பக்கத்து மலர்களில் பெருமையாக எழுதிவிட வாய்ப்பு அதிகம். முதலாமவர் சுப்பராயலு. நம் பக்கத்துச் சுப்பராயனுக்குப் பெருமை வேறு வகையில் நிறையவே இருக்கிறது. 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் சட்டம், கல்வி. பிறகு ஓமந்தூரார் அமைச்சரவையில் உள்துறை. பிறகு இந்தோனேசியாவில் தூதர், மத்தியில் போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சர். 1962இல் மகாராஷ்டிர ஆளுநராகி, அந்தப் பதவியிலேயே இறந்தார். இல்லாத பெருமையைச் சேர்க்கத் தேவையே இல்லை.

படி 5: கிராஃப் தாளில் கோடு போடுங்கள்

தாளைக் குறுக்காக வையுங்கள். ஓராண்டுக்கு இரண்டு சிறு கட்டம், அதாவது 2 மி.மீ. 1850 முதல் 1950 வரை நூறு ஆண்டு 20 செ.மீ.க்குள் அடங்கும், இடப் பக்கம் பெயர் எழுத இடமும் மிஞ்சும். ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு வரிசை. பிறப்பிலிருந்து இறப்பு வரை மெல்லிய கோடு, பதவிக் காலம் தடித்த கோடு. ஒரே ஆளாக இருக்க முடியாத இடம் உடனே தெரியும்.

ராமசாமிகளை வரைந்து பாருங்கள், பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. சி.பி. ராமசாமி ஐயர் 1936 முதல் 1947 ஆகஸ்ட் வரை திருவிதாங்கூர் திவான். ஏ. ராமசாமி முதலியார் 1946 முதல் 1949 வரை மைசூர் திவான். ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை சென்னை மாகாணப் பிரதமர். மூன்று கோடுகளும் 1947இன் நடுவில் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும். அந்தச் சில மாதங்கள், அக்கம்பக்கத்து மூன்று அரசுகளின் தலைமையிலும் ராமசாமிகள். அதற்கு மூன்றாண்டு முன்பு, 1944 ஆகஸ்ட் 27 அன்று, சேலம் மாநாட்டில் நீதிக்கட்சியைத் திராவிடர் கழகமாக்கிய ஈ.வெ. ராமசாமி அப்போது எந்த அரசுப் பதவியிலும் இல்லை. 1947 ஜூன் மாதத் தாளில் ‘ராமசாமி அறிக்கை’ என்று கண்டால் முதலில் பார்க்க வேண்டியது எந்த ஊரிலிருந்து செய்தி வந்தது என்பதைத்தான். திருவனந்தபுரமா, பெங்களூரா, சென்னையா, ஈரோடா? ‘திவான் ராமசாமி’ என்று இருந்தாலும் அந்த ஓராண்டுக்கு அது போதாது, இருவர் இருக்கிறார்கள்.

ராஜகோபாலாச்சாரி இணையையும் அதே தாளில் போடுங்கள். சர் பி. ராஜகோபாலாச்சாரி 1896 முதல் 1901 வரை கொச்சித் திவான், 1907 முதல் 1914 வரை திருவிதாங்கூர் திவான், 1920இல் அமைந்த சென்னைச் சட்டமன்றத்தின் முதல் தலைவர், 1927இல் மறைந்தார். 1910இல் பத்திரிகையாளர் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை திருவிதாங்கூரிலிருந்து நாடு கடத்தப்பட்டபோது திவான் இவர்தான். அந்தப் பழியை நம் ராஜாஜியின் தலையில் கட்டிவிடக் கூடாது. 1910இல் ராஜாஜி சேலத்தில் வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். ‘சர்’ இருந்தால் பி. ராஜகோபாலாச்சாரி. சி.ஆர். அந்தப் பட்டம் பெற்றவரல்ல, அவர் பெற்றது 1954இன் பாரத ரத்னா.

அதேபோல, சேலத்தின் இரண்டு ‘சி’ வக்கீல்களையும் ஒன்றாக்காதீர்கள். காங்கிரஸ் தலைவராக இருந்தவர் விஜயராகவாச்சாரியார். ராஜாஜி காங்கிரசின் பொதுச் செயலாளராக இருந்தார், தலைவராக இருந்ததில்லை. ‘சேலத்து ஆச்சாரியார்’ என்று பெயரில்லாமல் எழுதிய குறிப்பு 1915க்கு முந்தியது என்றால் மூத்தவரை முதலில் பாருங்கள்.

படி 6: ஒரே ஆளை இருவராக்காதீர்கள்

பிரிப்பதில் சூடு பிடித்தவர்கள் அடுத்துச் செய்யும் தவறு இது. ராஜாஜியின் அட்டை நிறைந்தால் இப்படி இருக்கும்:

பெயர்: சி. ராஜகோபாலாச்சாரி (சி.ஆர்., ராஜாஜி, ஆச்சாரியார்). பிறப்பு: 10-12-1878, தொரப்பள்ளி.
சேலம் நகராட்சித் தலைவர், 1917–1919.
சென்னை மாகாணப் பிரதமர், 14-7-1937 முதல் 29-10-1939.
மேற்கு வங்க ஆளுநர், 15-8-1947 முதல் 21-6-1948.
இந்தியத் தலைமை ஆளுநர், 21-6-1948 முதல் 26-1-1950.
சென்னை மாநில முதலமைச்சர், 10-4-1952 முதல் 13-4-1954.

நகராட்சித் தலைவரும் தலைமை ஆளுநரும் ஒரே ஆளா என்று சந்தேகம் வருவது இயற்கை. தேதிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக நிற்கின்றன, ஊரும் கட்சியும் தொடர்கின்றன, ஆகவே ஒரே ஆள். தலைமை ஆளுநர் பதவியில் 1947 நவம்பரிலேயே இவர் பெயர் சில நாள் காணப்படும். மவுண்ட்பேட்டன் இங்கிலாந்து போயிருந்தபோது பார்த்த பொறுப்பு அது. பொறுப்புப் பார்த்த நாட்களைத் தனி வரியில், ‘பொறுப்பு’ என்று குறித்து எழுதுங்கள். பதவிக் காலத்தோடு கலந்தால் கூட்டல் தப்பும். அவரது மகன் சி.ஆர். நரசிம்மன் கிருஷ்ணகிரியிலிருந்து மக்களவைக்குப் போனவர். ‘சி.ஆர்.’ என்று மட்டும் வெட்டி எடுத்த மேற்கோளில் தகப்பனும் மகனும் கலந்துவிடலாம்.

சேர்வராயன் மலையும் வெள்ளைக்காரப் பெயர்களும்

ஏற்காட்டைப் பற்றி எழுதுகிறவர்களுக்குச் சிக்கல் வேறு திசையிலிருந்து வரும். ஆங்கிலேயர் பெயரில் குடும்பப் பெயர்தான் ஆவணத்தில் நிற்கும், சொந்தப் பெயர் விழுந்துவிடும். 1792இல் திப்புவிடமிருந்து பாரமகாலும் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) சேலமும் கும்பெனிக்கு வந்தபோது பொறுப்பேற்றவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்குக் கீழே உதவியாளராக 1799 வரை இருந்தவர் தாமஸ் மன்றோ, பின்னாளில் 1820 முதல் 1827 வரை சென்னை ஆளுநர். அவரைச் ‘சேலம் கலெக்டர் மன்றோ’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது, இங்கே அவர் உதவியாளர். 1764 பக்சார் போரில் படை நடத்தியவர் ஹெக்டர் மன்றோ. 1810 முதல் திருவிதாங்கூரில் ரெசிடென்ட்டாகவும் (அரசவையில் கும்பெனியின் பிரதிநிதி), 1811 முதல் 1814 வரை திவானாகவும் இருந்தவர் ஜான் மன்றோ. மூன்று மன்றோக்களும் ராணுவத்தில் இருந்தவர்கள். ‘கர்னல் மன்றோ’ என்றால் ஊரும் ஆண்டும் பார்க்காமல் நகரக் கூடாது.

‘லார்ட் கிளைவ்’ என்ற பெயர் 1800ஐ ஒட்டிய பாரமகால் காகிதங்களில் வந்தால் அது பிளாசிக் கிளைவ் அல்ல. ராபர்ட் கிளைவ் 1774லேயே இறந்துவிட்டார். இவர் மகன் எட்வர்ட் கிளைவ், 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநர். ‘லார்ட் ஹோபார்ட்’ என்ற பெயரிலும் சென்னைக்கு இரண்டு ஆளுநர்கள்: ராபர்ட் ஹோபார்ட் 1794–1798, வெர் ஹோபார்ட் 1872–1875. ‘லார்ட்’ என்பது வாரிசு வழியாக இறங்குகிற பட்டம். அது ஆளைக் காட்டாது, குடும்பத்தைத்தான் காட்டும்.

ஏற்காட்டில் வாழ்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1858 முதல் 1891 வரை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்தவர், 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர். அவர் மகன் ஹென்றி புரூஸ் ஃபூட் ராணுவ அதிகாரி. ஆந்திரத்தின் பில்ல சுர்கம் குகைகளைத் தோண்டிய வேலையில் கை வைத்தவர் மகன், வழிகாட்டியவர் தகப்பன். ‘புரூஸ் ஃபூட் தோண்டினார்’ என்று ஒரே வரியில் எழுதினால் ஒருவருடைய உழைப்பு மற்றவர் கணக்கில் போய்விடும். ‘ஆர்’, ‘எச்’ என்ற முதலெழுத்தை விடாதீர்கள். மலைத் தேவாலயக் கல்லறைக் கற்களைப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: கல் இருக்கும் ஊரே இறந்த ஊர் என்று எழுதிவிடாதீர்கள். நினைவுக் கல் எங்கும் நடலாம். கல்லில் ‘இங்கே துயில்கிறார்’ என்ற பொருளில் வாசகம் இருக்கிறதா, ‘நினைவாக’ என்று மட்டும் இருக்கிறதா என்று பார்த்து, அந்த வாசகத்தை அப்படியே அட்டையில் எழுதுங்கள். மழையில் தேய்ந்த எழுத்தைக் காலையிலோ மாலையிலோ, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படித்தால் தெளியும். சுண்ணாம்போ மாவோ தடவ வேண்டாம், கல் கெட்டுவிடும்.

அரசர் பெயரில் குடிப்பெயர்

தாரமங்கலம் கோயிலைப் பற்றி எழுதும்போது கெட்டி முதலி என்பதை ஒரே மன்னராக எழுதாதீர்கள். அது தலைமுறை தலைமுறையாக ஒரு குடியினர் தாங்கிய பெயர். முன்னால் வரும் அடைமொழியோடும் கல்வெட்டின் ஆண்டோடும் சேர்த்தே குறிக்க வேண்டும். மைசூர் அரசர்களுக்குக் கன்னட எண்ணுப் பெயர் உதவும். ‘மும்மடி’ என்றால் மூன்றாமவர், ‘நால்வடி’ என்றால் நான்காமவர். மும்மடி கிருஷ்ணராஜர் 1799இல் அரியணை ஏறியவர், நால்வடி கிருஷ்ணராஜர் 1940இல் மறைந்தவர். ‘மும்மடி’யை வீரத்தைக் குறிக்கும் சொல்லென்று நினைத்து வெட்டிவிட்டால் நூற்றாண்டே மாறிப்போகும்.

படி 7: தேடும்போது எழுத்தை மாற்றி மாற்றித் தேடுங்கள்

மின்நூலகங்களில் ஒரே வடிவத்தைத் தட்டிவிட்டு ‘இல்லை’ என்று எழுந்துவிடக் கூடாது. ராமசாமி, இராமசாமி, ராமஸ்வாமி, ராமஸாமி, ராமசுவாமி என்று ஐந்தையாவது போட்டுப் பாருங்கள். ராஜகோபாலாச்சாரியார், இராசகோபாலாச்சாரி, விசயராகவாச்சாரியார் என்பவையும் உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் துதிக்கை வைத்த பழைய லை, ணை இருக்கும், கணினி அவற்றைத் தவறாகவே படிக்கும். அந்த எழுத்து இல்லாத ஒரு துண்டைத் தேடினால் சிக்கும். பெயர் கிடைக்காவிட்டால் பதவியைத் தேடுங்கள். ‘கொச்சி திவான்’ என்று தேடி, 1920ஆம் ஆண்டுப் பக்கத்தைப் புரட்டுவது பல சமயம் விரைவான வழி.

நியமனத்தை உறுதி செய்ய அரசு கெசட்டே முதல் சான்று. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய தொகுதிகள் இருக்கின்றன. போகும் முன் ஆண்டு, மாதம், பதவி மூன்றையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ‘விஜயராகவாச்சாரியார் பற்றி ஏதாவது’ என்று கேட்டால் ஒரு நாள் வீணாகும். நியமித்த நாள், பதவியேற்ற நாள், விலகல் கடிதம் கொடுத்த நாள், அது ஏற்கப்பட்ட நாள் என்று நான்கு தேதிகள் ஒரு பதவிக்கு இருக்கலாம். நூலுக்கு நூல் ஓரிரு வாரம் வேறுபடுவது பெரும்பாலும் இதனால்தான். எந்த நாளை எடுத்தீர்கள் என்று அட்டையில் ஒரு சொல்லால் குறியுங்கள், எல்லா அட்டைக்கும் அதையே பின்பற்றுங்கள்.

ஒரு செய்திக்கு இரண்டு சான்று வேண்டும், அதில் ஒன்றாவது அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். பின்னாளில் எழுதிய பத்து நூல்கள் ஒரே தவறைச் சொன்னால் அது பத்துச் சான்றல்ல, ஒன்றைப் பார்த்து மற்றவை எழுதியவை.

படி 8: கட்டுரையில் எழுதும் முறை

முதல் முறை வரும்போது முழு அடையாளத்தையும் கொடுங்கள்: ‘சேலம் ராமசாமி முதலியார் (1852–1892), 1885இல் இங்கிலாந்து சென்ற மூவரில் ஒருவர்’. அடுத்த முறை ‘சேலம் ராமசாமி முதலியார்’ போதும். அதற்குக் கீழே சுருக்காதீர்கள். சாதிப் பெயரை இன்று எழுத விரும்பாதவர்கள் ஊரையோ தகப்பன் பெயரையோ கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் எடுத்துவிட்டு ‘ராமசாமி’ என்று விட்டால் படிப்பவர் யாரைப் பிடிப்பார்? தெருப் பலகைகளில் நேர்வது இதுதான். குடும்பப் பெயராகிப் போன ஊர்ப் பெயருக்கும் இதே விதி. ‘அமைச்சர் குமாரமங்கலம்’ என்றால் துறையும் ஆண்டும் சேர்க்க வேண்டும். 1971–73 உருக்கு, சுரங்கம் என்றால் மோகன். 1998–2000 மின்துறை என்றால், சேலத்திலிருந்து 1984 முதல் மூன்று முறை மக்களவைக்குப் போய், கடைசியில் திருச்சியிலிருந்து தேர்வான ரங்கராஜன்.

எவ்வளவு தேடியும் இருவரில் யார் என்று முடிவாகாத பெயர்கள் சில மிஞ்சும். அவற்றை மூலத்தில் இருந்தபடியே, ‘எஸ். ராமஸ்வாமி முதலியார்’ என்று மேற்கோளுக்குள் வைத்து எழுதுங்கள், இருவரில் யார் என்று உறுதியாகவில்லை என்று அடைப்புக்குறிக்குள் சேருங்கள். அட்டையின் பின்பக்கம் இரண்டு பெயர்களையும், எதனால் ஒதுக்க முடியவில்லை என்ற காரணத்தையும் பென்சிலில் எழுதி, தனிக் கட்டாக வையுங்கள். அடுத்த முறை காப்பகத்துக்குக் கிளம்பும்போது முதலில் கையில் எடுக்க வேண்டியது அந்தக் கட்டு.